மாதிரித் தீயணைப்புப் படகில் நீர் பீய்ச்சும் பம்பு

தேம்ஸ் ஆற்றில் பணியாற்றுவதற்காக 1935-ஆம் ஆண்டு கட்டப்பட்ட மாஸி ஷா என்னும் தீயணைப்புப் படகின், ரிமோட்டால் இயங்கும் சிறு மாதிரியைச் செய்வதில் சில காலமாக ஈடுபட்டிருக்கிறேன். 78 அடி நீளமுள்ள அந்தப் படகு, பாலங்களுக்கு அடியில் தடையின்றி நுழைந்து செல்லும்படி தாழ்வாக அமைக்கப்பட்டது. 1940-இல் டன்கர்க் கடற்கரையிலிருந்து படைவீரர்களை மீட்கும் பணிக்கும் சென்று வந்தது. அதன் பம்புகள் நிமிடத்துக்கு 3,000 கேலன், அதாவது ஏறத்தாழ 13,600 லிட்டர் நீரை இறைக்க வல்லவை. இத்தகைய படகின் மாதிரி எவ்வளவு நுட்பமாகச் செய்யப்பட்டிருந்தாலும், அதன் முன்தளத்து நீர்ப்பீரங்கியிலிருந்து தண்ணீர் பாயாவிட்டால் வேலை பாதியில் நிற்கிறது என்றே நான் கருதுகிறேன்.

பம்பு பொருத்த நினைப்பவர்களில் பெரும்பாலோர் முதலில் கடைக்குப் போய்ப் பம்பை வாங்கிவிடுகிறார்கள். நான் நாசிலிலிருந்து, அதாவது நீர் வெளியேறும் குறுகிய முனையிலிருந்து, தொடங்கிப் பின்னோக்கி வருகிறேன். நாசிலின் வாயில் ஒரு மீட்டர் உயர நீரின் அழுத்தம் இருந்தால், தண்ணீர் நொடிக்கு ஏறத்தாழ 4.4 மீட்டர் வேகத்தில் வெளிப்படும். 45 பாகைச் சாய்வில் வைத்தால், காற்றின் தடையை நீக்கிப் பார்க்கையில், அது இரண்டு மீட்டர் தள்ளிப் போய் விழும். 24-இல் ஒரு பங்கு அளவுள்ள மாதிரியில் அந்த இரண்டு மீட்டர், உண்மைப் படகின் 48 மீட்டருக்குச் சமம். ஆகவே கண்ணுக்கு இயல்பாகத் தோன்றும் பீய்ச்சலுக்குத் தேவையான அழுத்தம் மிகக் குறைவு. பத்து மீட்டர் தூரம் பாயும் மாதிரி வேடிக்கை பார்ப்பவர்களை மகிழ்விக்கும். ஆனால் அது உண்மைப் படகின் 240 மீட்டருக்குச் சமம் என்பதால் இயல்பாகத் தோன்றாது.

நாசிலின் துளையை அளவுக்கு மீறிச் சிறிதாக்குவதிலும் பயனில்லை. ஒரு மில்லிமீட்டர் துளையிலிருந்து புறப்படும் தாரை சற்றுத் தூரத்திலேயே முத்து முத்தாக உடைந்து சிதறிவிடும், ஏனென்றால் படகைச் சிறிதாக்கலாமே தவிர நீரின் பரப்பு இழுவிசையைச் சிறிதாக்க இயலாது. இரண்டு மில்லிமீட்டர் துளையில், அதே ஒரு மீட்டர் அழுத்தத்தில், நிமிடத்துக்கு 0.8 லிட்டர் அளவுக்குத் தண்ணீர் செல்லும். தாரையும் கண்ணாடிக் கம்பி போல நெடுந்தூரம் உடையாமல் இருக்கும். நாசிலின் உட்புறம் படிப்படியாகக் குறுகி வர வேண்டும், வாய் விளிம்பு பிசிறின்றிக் கூர்மையாக இருக்க வேண்டும். அதற்குச் சற்று முன்பாகக் குழாய்க்குள் மெல்லிய குழல்கள் சிலவற்றைக் கட்டாக வைத்தால் சுழன்று வரும் நீர் நேராகி, தாரை மேலும் தெளிவாகிறது.

பம்புக்கும் நாசிலுக்கும் இடையிலான குழாயில்தான் பலருடைய அழுத்தம் காணாமல் போகிறது. வேகமாகப் பாயும் நீருக்கு, குழாயின் உள்விட்டத்தைப் பாதியாக்கினால் உராய்வு இழப்பு முப்பது மடங்கு வரை உயரக்கூடும். அதனால் ஆறு மில்லிமீட்டருக்குக் குறையாத உள்விட்டமுள்ள குழாயை நாசிலின் அடிவரை கொண்டுசென்று அங்கேதான் குறுக்குகிறேன்; செங்கோண முழங்கைகளைத் தவிர்த்து, அகன்ற வளைவாகவே குழாயைத் திருப்புகிறேன்.

இவ்வளவும் முடிவான பிறகே பம்பின் வகையைத் தீர்மானிக்க வேண்டும். பற்சக்கரங்களால் நீரைத் தள்ளும் கியர் பம்பு காற்றையும் இழுத்துத் தானாகவே நீரை ஏற்றிக்கொள்ளும், நல்ல அழுத்தமும் தரும். ஆனால் குளத்து மணல் ஒரு துகள் பற்களுக்கிடையே சிக்கினாலும் நின்றுவிடும், நாசில் அடைத்தால் மோட்டார் திணறிச் சூடாகும். ஆகையால் அதன் மின்கம்பியில் ஃபியூஸ் அவசியம். கார் கண்ணாடி கழுவும் வாஷர் பம்பு போன்ற, இறக்கைச் சக்கரத்தைச் சுழற்றி நீரை வெளித்தள்ளும் மையவிலக்குப் பம்புகள் சிறு துகள்களைப் பொறுத்துக்கொள்ளும், வழி அடைத்தாலும் உள்ளே நீரைச் சுழற்றிக்கொண்டிருக்கும். ஆனால் காற்றை இழுக்கும் திறன் அவற்றுக்கு இல்லை. அவற்றை நீர்மட்டக் கோட்டுக்குக் கீழே வைத்து, குழாய் எங்கும் இறங்காமல் மேல்நோக்கியே செல்லும்படி அமைத்துவிட்டால் காற்றடைப்பு ஏற்படாது. வாஷர் பம்பு சில நொடிகள் மட்டும் ஓடுவதற்காகச் செய்யப்பட்டது என்பதால், 12 வோல்ட்டுக்குப் பதில் 6 வோல்ட்டில் ஓட்டுவதையே நான் விரும்புகிறேன்.

நீர் உறிஞ்சும் துளை படகின் அடிப்பகுதியில், புரொப்பெல்லருக்குத் தொலைவாக இருக்கட்டும்; அருகில் வைத்தால் காற்றுக் குமிழிகள் புகுந்து தாரை விட்டுவிட்டுத் துடிக்கும். அதன் மேல் பித்தளை வலை ஒன்று தேவை. வலையின் பரப்பு துளையைப் போலப் பல மடங்கு இருந்தால்தான் ஓர் இலை ஒட்டிக்கொண்டாலும் நீர் வரத்து நிற்காது.

பீரங்கியைத் திருப்பும் பொறி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அதன் அச்சே ஒரு பித்தளைக் குழாய். தண்ணீர் அதன் நடுவே மேலேறுகிறது, ரிமோட் சொல்லும் கோணத்துக்குத் திரும்பும் சிறு மோட்டாரான சர்வோவின் கை அதையே பற்றித் திருப்புகிறது. ஒன்றுக்குள் ஒன்று பொருந்தும் இரு குழாய்களுக்கிடையே ஓ-ரிங் என்னும் ரப்பர் வளையம் வைத்துச் சிறிது சிலிகான் கிரீஸ் பூசினால் கசிவின்றிச் சுழலும். திருப்பம் தொண்ணூறு பாகைக்குள் போதுமானால், கீழே நெகிழ்வான சிலிகான் குழாயைத் தளர்வாக விட்டு, அதுவே முறுக்கிக்கொள்ளும்படியும் செய்யலாம்.

மின்சாரத்தைப் பொறுத்தவரை, பம்புக்குத் தனி பேட்டரி வைப்பது நல்லது. பிரஷ் மோட்டாரின் முனைகளுக்கிடையே 0.1 மைக்ரோஃபாரட் கபாசிட்டர் ஒன்றைப் பற்றவைத்தால் ரேடியோ இரைச்சல் அடங்கும். பம்பை இயக்கவும் நிறுத்தவும் மட்டும் ரிலே என்னும் மின்காந்த சுவிட்ச் போதுமானதுதான் என்றாலும், மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் சிறிய ஸ்பீடு கன்ட்ரோலரால் இயக்கும்போது தாரை மெல்ல எழுந்து நீண்டு உயர்வதால், அதற்கே என் வாக்கு.

பீய்ச்சும் நீர் படகைப் பின்னுக்குத் தள்ளும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஒரு மீட்டர் அழுத்தத்தில் அந்த உந்தல் ஆறு கிராம் எடையளவே. ஐந்து மீட்டர் அழுத்தத்திலோ முப்பது கிராம். முன்தளத்துப் பீரங்கி பக்கவாட்டில் திரும்பியிருக்கையில், நின்றுகொண்டிருக்கும் படகின் முகத்தைத் திருப்ப அதுவே போதும். உண்மைத் தீயணைப்புப் படகுகளும் எஞ்சினை இயக்கியே தங்கள் இடத்தைக் காத்துக்கொள்கின்றன.

உறிஞ்சும் துளையின் குழாய் கழன்றால் மாதிரி மூழ்கிவிடும். ஆகவே அந்த இணைப்பில் கிளிப் போட்டு இறுக்குவதோடு, துளையை ஒட்டி ஒரு சிறு அடைப்பு வால்வையும் வைத்து, படகை நீரில் இறக்குவதற்கு முன் இரண்டையும் கையால் இழுத்துச் சோதித்துவிடுகிறேன்.