பாரிஸில் என்ன படம் ஓடுகிறது?

வெளியூர்ப் பயணம் முடிவானதும் வீட்டில் எல்லோரும் ஹோட்டல், மியூசியம், நம்ம ஊர்ச் சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று தேட ஆரம்பிப்பார்கள். நான் அந்த ஊரில் என்ன படம் ஓடுகிறது என்று பார்ப்பேன். இந்த முறை பாரிஸ். படம் பார்க்கவா இவ்வளவு தூரம் பறந்து போகணும் என்று அம்மா கேட்கிறார். அதுக்கும்தான் அம்மா. மியூசியத்தில் பக்கத்தில் நிற்பவரும் நம்மைப் போலவே ஊர் பார்க்க வந்தவர். ஒரு சாதாரண நாள் சாயங்காலம் தியேட்டருக்குள் போனால்தான் வேலை முடிந்து வந்த உள்ளூர்க்காரர்கள் நடுவே உட்கார முடியும், அவர்கள் எந்த இடத்தில் சிரிக்கிறார்கள், எங்கே அப்படியே அடங்கிப்போகிறார்கள் என்று பார்க்க முடியும்.

அதிலும் பாரிஸ். 1895 டிசம்பர் 28 அன்று சினிமா முன்னோடிகளான லூமியேர் சகோதரர்கள் தங்கள் படங்களை முதன்முதலாகக் காசு வாங்கிக்கொண்டு காட்டிய ஊர். சோர்போன் பல்கலைக்கழகத்தை ஒட்டி ஷாம்போலியோன் என்று ஒரு சின்னத் தெரு இருக்கிறது, அந்த ஒரே தெருவில் மூன்று தியேட்டர்கள், மூன்றிலும் பழைய படங்களை இன்றைக்கும் திரையில் போடுகிறார்கள். நாற்பதுகளில் வந்த கறுப்பு வெள்ளைப் படத்தை லேப்டாப்பில் பார்த்தே பழகிப்போன எனக்கு, டிக்கெட் எடுத்துப் போய் பெரிய திரையில் பார்க்கலாம் என்பதே போதும்.

மொழிதான் சிக்கல். அங்கே காட்சி நேரத்துக்குப் பக்கத்தில் வி.ஓ. என்று போட்டிருந்தால் படம் அதன் சொந்த மொழியிலேயே ஓடும், வி.எஃப். என்றால் பிரெஞ்சு டப்பிங். ஆங்கிலப் படம் வி.ஓ.வில் வந்தால் கவலையில்லை. ஜப்பானியப் படமோ ஈரானியப் படமோ என்றால் சப்டைட்டில் பிரெஞ்சில்தான் ஓடும், பிரெஞ்சுப் படத்துக்குப் பெரும்பாலும் அதுவும் கிடையாது. எனக்கோ போன்ழூர், மெர்சி தாண்டி ஒன்றும் வராது.

இதை யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் கோப்லன் அவென்யூவில் இருக்கும், பழைய பிரெஞ்சு சினிமா கம்பெனியான பாத்தேயின் அறக்கட்டளை கண்ணில் பட்டது, அப்போதிலிருந்து வேறு நினைப்பே இல்லை. 2014-ல் திறந்தது, கட்டடக் கலைஞர் ரென்சோ பியானோ வடிவமைத்தது. தெருவிலிருந்து பார்த்தால் ஒரு பழைய நாடக அரங்கின் முகப்பு மட்டும்தான் தெரியும், அதில் இருக்கும் சிற்பங்கள் புகழ்பெற்ற சிற்பி ரோதன் இளைஞராக இருந்தபோது செய்தவை. உள்ளே போனால் 68 பேர் மட்டும் உட்காரக்கூடிய ஒரு குட்டி அரங்கு. அங்கே மௌனப் படங்கள் போடுகிறார்கள், திரைக்குப் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து படத்தைப் பார்த்துப் பார்த்து பியானோ வாசிக்கிறார். பதிவுசெய்த இசை இல்லை, அந்த நேரத்தில் அந்த விரல்களிலிருந்து வருவது. அவர் ஒரு காட்சியில் வாசிப்பதை நிறுத்தினால் என்ன ஆகும், அரங்கு எவ்வளவு அமைதியாக இருக்கும் என்று இப்போதே கற்பனை ஓடுகிறது. நடுவில் வரும் எழுத்து அட்டைகள் பிரெஞ்சில் இருக்கலாம், இருக்கட்டும், முகத்தைப் பார்த்தால் புரியாதா என்ன.

அப்புறம் கிராண்ட் ரெக்ஸ். 1932-ல் கட்டியது, சுமார் 2,700 இருக்கை, கூரை முழுக்க நட்சத்திரங்கள் மின்னும் இரவு வானம். நம்ம ஆட்களுக்கு இது புதுப் பெயர் இல்லை, 2016-ல் கபாலி அங்கே திரையிடப்பட்டபோது போன பாரிஸ் தமிழர்கள் நிறையப் பேர். நான் போகும் வாரத்தில் அங்கே தமிழ்ப் படம் ஏதாவது வந்தால் மற்ற திட்டம் எல்லாவற்றையும் தள்ளி வைத்துவிட்டு தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பெல் பகுதிக் கூட்டத்தோடு நானும் விசிலடிக்கத் தயார்.

மோன்மார்த்தில் ஸ்டுடியோ 28 என்று இன்னொன்று, 1928-லிருந்து இருக்கிறது, உள்ளே தொங்கும் விளக்குகளை வடிவமைத்தவர் பிரெஞ்சுக் கவிஞரும் இயக்குநருமான ழான் கோக்தோ. அங்கே என்ன ஓடினாலும் சரி, போவேன்.

புதன்கிழமைதான் பாரிஸில் புதுப் படங்கள் வரும் நாள், அதனால் இப்போதைக்கு முழுப் பட்டியலும் போட முடியாது. ஒன்று மட்டும் உறுதி: செவ்வாய்க்கிழமை லூவ்ர் மியூசியத்துக்கு விடுமுறை, அந்த நாள் முழுக்க தியேட்டருக்கு என்று வீட்டில் சொல்லி அனுமதி வாங்கிவிட்டேன்.