ஆக்டேவியாவும் தூக்குக்குண்டும்

வண்டி 2016 ஸ்கோடா ஆக்டேவியா, 1.8 டி.எஸ்.ஐ. பெட்ரோல். இரண்டாம் கையாக வாங்கினேன். பார்க்க ஆபீஸ் வண்டி மாதிரி அடக்கமாக இருக்கும். 180 குதிரைத்திறன் இருக்கிறது என்பது ஈ.சி.ஆரில் முட்டுக்காடு தாண்டி ஒரு மிதி மிதித்தால்தான் தெரியும். முன்பு வைத்திருந்தவர் ஸ்பிரிங் மாற்றி 30 மில்லிமீட்டர் இறக்கியிருந்தார். வீலை மட்டும் மாற்றவில்லை. இறக்கிய வண்டியில் கம்பெனி 16 இஞ்ச் வீல் பட்டு வேட்டிக்கு ரப்பர் செருப்பு போட்டது போல இருந்தது. என் கண்ணுக்கு அப்படித்தான் பட்டது. வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஒரு சனிக்கிழமை. சென்னையில் காருக்கு எது போடுவதானாலும் முதலில் போய் நிற்பது அங்கேதானே. நாலு கடை ஏறி இறங்கினேன். ஐந்தாவது கடையில் கறுப்பு நிறத்தில் 19 இஞ்ச் அலாய் வீல் ஒன்று சுவரில் தொங்கியது. "எத்தனை ஜே, என்ன ஆஃப்செட் அண்ணே?" என்று கேட்டேன். ஜே என்பது இஞ்சில் வீலின் அகலம்; ஆஃப்செட் வீல் எவ்வளவு உள்ளே, வெளியே நிற்கும் என்பதைச் சொல்லும் மில்லிமீட்டர் எண். "எட்டரை, முப்பத்தஞ்சு. பி.சி.டி. உங்க வண்டிதான், 5×112. போட்டா கெத்தா வெளிய வந்து நிக்கும் தம்பி" என்றார். பி.சி.டி. என்பது போல்ட் ஓட்டைகள் அமைந்த வட்டத்தின் அளவு; ஐந்து ஓட்டை, 112 மில்லிமீட்டர் வட்டம். வெளியே வந்து நிற்கும் என்று அவர் மறைக்காமல்தான் சொன்னார். எவ்வளவு வெளியே என்று நான்தான் கேட்கவில்லை.

235/35 ஆர்19 டயரோடு (அகலம் 235 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அதில் 35 சதவீதம், வீல் 19 இஞ்ச்) சேர்த்து ஒரு லட்சத்து நாற்பதாயிரம். சாயங்காலம் மெரினா பக்கம் ஒரு சுற்று சுற்றி, தனியாக வீடு வந்து சேரும்வரை ஒரு குறையும் இல்லை.

மறுவாரம் அப்பா, அம்மா, மனைவி, பையன் எல்லாரோடும் மாங்காடு கோவிலுக்குக் கிளம்பினோம். கத்திப்பாரா மேம்பாலத்தில் ஏறினதும் ஒவ்வொரு இணைப்பிலும் பின்பக்கமிருந்து "கர்ர்ர்" என்று ஒரு சத்தம். அப்பா பின் சீட்டிலிருந்து, "என்னடா இது, மாவு மெஷின் மேல உட்கார்ந்த மாதிரி இருக்கு?" என்றார். போரூர் வருவதற்குள் ரப்பர் கருகும் வாடை வந்துவிட்டது. கோவில் வாசலில் இறங்கிப் பார்த்தால் பின் டயர் இரண்டிலும் வெளி ஓரம் பிளேடால் சீவினது போல ஒரு கோடு. டயருக்கு மேல் வளையும் தகடான ஃபெண்டரின் மடிப்புக்குள் விரல் விட்டேன், கரித்தூள் மாதிரி ரப்பர் பொடி ஒட்டிக்கொண்டு வந்தது. அம்மனிடம் அன்றைக்கு என்ன வேண்டினேன் என்று சொல்லத் தேவையில்லை.

கூடவே இன்னொரு தொல்லை. 90-ஐத் தொட்டால் ஸ்டீயரிங் நடுங்கியது. இரண்டு முறை பாலன்சிங் செய்தும் போகவில்லை. மூன்றாவது இடத்தில் இருந்த பெரியவர் வீலைக் கழற்றி நடு ஓட்டையைப் பார்த்துவிட்டு, "ரிங்கு எங்க தம்பி?" என்றார். வீலின் நடு ஓட்டை உட்காரும் ஹப், ஆக்டேவியாவில் 57.1 மில்லிமீட்டர். வெளியில் வாங்கும் அலாய்கள் பல வண்டிக்கும் பொருந்த வேண்டும் என்பதற்காக நடு ஓட்டையைப் பெரிதாக வைத்துவிடுவார்கள்; என்னுடையது 66.6. நடுவில் இருக்கும் இடைவெளியை ஒரு வளையம் போட்டு அடைக்காவிட்டால் வீல் நட்ட நடுவில் உட்காருவது போல்ட்டின் தயவில்தான். சில நூறு ரூபாய் அலுமினிய வளையம் நாலு வாங்கிப் போட்டதும் நடுக்கம் நின்றது.

அவரேதான் போல்ட்டையும் கவனித்தார். ஸ்கோடாவின் சொந்த போல்ட்டுக்குத் தலைக்கு அடியில் பந்து மாதிரி உருண்டையாக இருக்கும். இந்த அலாயில் போல்ட் உட்காரும் குழியோ கூம்பு. உருண்டையைக் கூம்பில் வைத்து முடுக்கினால் மெல்லிய ஒரு வளையத்தில் மட்டும்தான் பிடிப்பு இருக்கும். மாட்டின கடையில் பழைய போல்ட்டையே கன் வைத்து முடுக்கி அனுப்பியிருந்தார்கள். அதை வைத்துக்கொண்டு ஒரு வாரம் குடும்பத்தோடு ஊர் சுற்றியிருக்கிறேன். டயர் உரசினது எரிச்சல்தான். இது நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது. கூம்புத் தலை எம்14 (14 மில்லிமீட்டர் தடிமன்) போல்ட் இருபது வாங்கி மாற்றினோம். பழைய போல்ட் எத்தனை சுற்று ஏறியதோ அதற்குக் குறையாமல் புதியதும் ஏறுகிறதா என்று ஒவ்வொன்றையும் கையால் திருகி எண்ணிப் பார்த்தார். அவசரமே படாத மனிதர்.

சரி, உரசலுக்கு வருவோம். எங்கே உரசுகிறது என்று சரியாகத் தெரிய வேண்டும். வீட்டில் கோலமாவு இருந்தது. கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து நாலு ஃபெண்டரின் உள் மடிப்பிலும் அதற்கு உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் மறைப்பான லைனரிலும் பூசிக் காயவிட்டேன். பின் சீட்டில் மூன்று பேர், டிக்கியில் 25 கிலோ அரிசிச் சிப்பம் இரண்டு. எங்கள் தெருவில் ஒரு வேகத்தடை இருக்கிறது. இந்திய சாலைக் காங்கிரஸின் விதிப்படி வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலத்தில் மெதுவாக ஏறி இறங்க வேண்டும். எங்கள் தெருவில் இருப்பது மிச்சத் தாரைக் கொட்டிவிட்டுப் போன மேடு. சோதனைக்கு அதைவிட நல்லது கிடைக்காது. இரண்டு முறை ஏறி இறங்கி, இரண்டு பக்கமும் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துவிட்டு வந்து பார்த்தேன். பின் ஃபெண்டர் மடிப்பில் நாலு விரல் நீளத்துக்கு மாவு சுத்தமாகத் துடைத்துப் போயிருந்தது. முன்பக்கம் லைனரின் முன் ஓரத்தில் ஒரு பிறை மாதிரித் தடம். நான் குனிந்து டார்ச் அடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, கோலம் நன்றாக வந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போனாள் மனைவி.

ஃபெண்டர் மடிப்பைச் சூடாக்கி உருட்டி உள்ளே மடக்கிவிடலாம் என்றார்கள் இரண்டு இடத்தில். நன்றாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள்தான். ஆனால் வண்டி நிற்பது திருவான்மியூரில், கடலிலிருந்து கூப்பிடு தூரம். அந்த மடிப்பில் பெயிண்ட் ஒரு மயிரிழை வெடித்தாலும் உப்புக்காற்று இரண்டு மழைக்காலத்தில் துருவாக்கிவிடும். வேண்டாம் என்றேன்.

என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோதே அக்டோபர் மழை வந்து முடிவெடுத்துவிட்டது. வேளச்சேரியில் தண்ணீருக்கு அடியில் இருந்த ஒரு பள்ளம். முன் இடது வீல் உள் ஓரம் வளைந்தது. 235/35 டயரில் ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவே இருக்கும் ரப்பர் 82 மில்லிமீட்டர். கம்பெனி டயரில் 113. அந்த மூன்று சென்டிமீட்டரின் அருமை வேளச்சேரியில்தான் தெரிந்தது. பெண்ட் எடுக்கக் கொடுத்த இடத்தில், உள்பக்கம் விரிசல் விட்டிருக்கிறது, வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்றார்கள். வெல்டிங் வைத்த வீலில் பையனை உட்கார வைத்து ஓட்ட மனசு வரவில்லை. மற்ற மூன்றையும் டயரோடு வந்த விலைக்குத் தள்ளிவிட்டேன். நஷ்டக் கணக்கை வீட்டில் இன்னும் முழுதாகச் சொல்லவில்லை.

இந்த முறை கடைக்குப் போகும் முன் கணக்குப் போட்டேன். ஆஃப்செட் என்பது வீலின் அகலத்துக்கு நட்ட நடுவிலிருந்து, ஹப்பில் உட்காரும் முகம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்ற அளவு. நம் வண்டிகளில் அது வெளிப்பக்கம் தள்ளி இருக்கும். எண் குறையக் குறைய வீல் வெளியே வரும். என் பழைய வீலின் பின்னால் 6½ஜே, இ.டி.46 என்று வார்த்திருந்தது; இ.டி. என்றால் ஆஃப்செட்தான். டயர் 205. டயர் அகலத்தில் பாதியிலிருந்து ஆஃப்செட்டைக் கழித்தால், ஹப்பிலிருந்து டயர் எவ்வளவு வெளியே நிற்கும் என்று வந்துவிடும். பழையது 102.5-இல் 46 போக 56.5. நான் ஏமாந்த 19 இஞ்ச் 117.5-இல் 35 போக 82.5. அதாவது 26 மில்லிமீட்டர் கூடுதல். போதாததற்கு அந்த டயரின் மொத்த உயரமும் 632-லிருந்து 647-ஆகியிருந்தது.

அடுத்த கேள்வி, ஃபெண்டருக்குள் எவ்வளவு இடம் இருக்கிறது என்பது. எதிர் மனையில் வீடு கட்டிக்கொண்டிருந்த கொத்தனாரிடம் தூக்குக்குண்டு கேட்டு வாங்கினேன். பழைய 16 இஞ்ச் வீலை மாட்டி, சமதரையில் நிறுத்தி, பின் ஃபெண்டரின் உச்சியில் நூலை டேப்பால் ஒட்டிக் குண்டைத் தொங்கவிட்டேன். கடற்காற்றில் அது ஆடி நிற்பதற்கே ஐந்து நிமிஷம். நூலுக்கும் டயரின் உப்பலான பகுதிக்கும் 24 மில்லிமீட்டர். 26 கூடுதலாகப் போட்டால் ஃபெண்டரைத் தாண்டி 2 மில்லிமீட்டர் வெளியே. வேறெப்படி உரசாமல் இருக்கும்?

18 இஞ்ச், 8ஜே, இ.டி.45, டயர் 225/40 என்று வைத்துப் பார்த்தேன். 112.5-இல் 45 போக 67.5, வெளியே 11 கூடுகிறது, மடிப்புக்குள் இன்னும் 13 மிச்சம். உள்பக்கம் 9 மில்லிமீட்டர் கூடும், அங்கே ஷாக் அப்சார்பருக்கு முன் சுண்டுவிரல் தாராளமாகப் போகும் இடம் இருந்தது. மொத்த உயரம் 637, பழையதைவிட ஒரு சதவீதம்கூடக் கூடவில்லை, அதனால் ஸ்பீடோமீட்டரும் பொய் சொல்லாது. கம்பெனியே இதே வண்டியின் ஆர்.எஸ். வகைக்கு இந்த டயர் அளவைப் போட்டிருக்கிறது என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது. முதலிலேயே வந்திருக்கலாம்.

டயர் வாங்கும்போது இன்னொரு எண்ணில் தப்பித்தேன். 225/40 ஆர்18-ல் கடைக்காரர் முதலில் எடுத்துப் போட்டது சுமைக் குறியீடு 88, அதாவது டயர் ஒன்றுக்கு 560 கிலோ. பழைய டயரில் இருந்தது 91, 615 கிலோ. அளவு பெரிதாகித் தாங்கும் சக்தி குறைகிறது. எக்ஸ்.எல்., அதாவது கூடுதல் சுமை தாங்கும் வகை, என்று அச்சடித்த 92 கேட்டேன், 630 கிலோ. ஒரு நாள் காத்திருந்தால் வரும் என்றார், காத்திருந்தேன். காற்று 36 பி.எஸ்.ஐ. வைக்கிறேன்.

மாட்டியது ரிங்கு எங்கே என்று கேட்ட அதே பெரியவரிடம். கடைசி முடுக்கு, முடுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரென்ச்சில். நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வரச்சொல்லி மறுபடி ஒரு தடவை பார்த்தார், இரண்டு போல்ட் கொஞ்சம் நகர்ந்தது. பிறகு அலைன்மென்ட். மறுபடி கோலமாவு, அதே மூன்று பேர், அதே அரிசி, அதே தார் மேடு. மாவு அப்படியே இருந்தது.

இன்சூரன்ஸ் விஷயம் கசப்பானது. கம்பெனி விவரக்குறிப்பிலிருந்து மாறும்படி வண்டியில் மாற்றம் செய்யக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவை வைத்து உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. 19 இஞ்ச் போட்டபோது இதையெல்லாம் நான் நினைக்கவே இல்லை. இம்முறை வீல், டயர் அளவை எழுதி, ஸ்பிரிங் மாறியிருப்பதையும் மறைக்காமல் சேர்த்து, பில்லோடு இன்சூரன்ஸுக்கு அனுப்பிவிட்டேன். பதில் இன்னும் வரவில்லை.

பழைய உருண்டைத் தலை போல்ட்டில் ஐந்தை ஹார்லிக்ஸ் டப்பாவில் போட்டு டிக்கியில் ஸ்டெப்னிக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். ஸ்டெப்னி இன்னும் கம்பெனி வீல்தான், அதன் குழி உருண்டை. புதுக் கூம்பு போல்ட் அதற்குச் சேராது. ராத்திரி செங்கல்பட்டுக்கு அந்தப் பக்கம் பஞ்சராகி நிற்கும்போது இதைக் கண்டுபிடிக்க வேண்டாம். தூக்குக்குண்டும் இப்போதைக்கு அந்த டப்பாவில்தான் கிடக்கிறது. கொத்தனார் இரண்டு முறை கேட்டுவிட்டார்.