முதல் வரியை எழுதவைத்த அக்கா

என் மகளுக்கு ஏ.டி.ஹெச்.டி. (கவனக்குறைவு, மிகைச்செயல்பாட்டுக் குறைபாடு) இருப்பது ஒன்பதாம் வகுப்பில்தான் தெரிந்தது. ஓடியாடித் தொல்லை கொடுக்கிற பிள்ளை இல்லை. ஜன்னலைப் பார்த்தபடி பேசாமல் உட்கார்ந்திருப்பாள், அதனால் யார் கண்ணிலும் படவில்லை. "மூளை இருக்கு, பொறுப்புதான் இல்ல" என்று நானே எத்தனையோ முறை திட்டியிருக்கிறேன். இப்போது நினைத்தாலும் மனசு கனக்கிறது.

மருத்துவர் ஒரே நாளில் முடிவு சொல்லவில்லை. எங்களுக்கு ஒரு படிவம், வகுப்பு ஆசிரியைக்கு ஒரு படிவம் கொடுத்தார். வீட்டிலும் பள்ளியிலும் அறிகுறி தெரிய வேண்டும், அதுவும் 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும் என்பதால் பழைய ரேங்க் கார்டுகளையும் கேட்டார். மூன்றாம் வகுப்புக் கார்டிலேயே "கவனம் தேவை" என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. ஆறு வருடமாக அது பீரோவில்தான் கிடந்திருக்கிறது.

பள்ளியில் உதவி கேட்டால் மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் கேட்டார்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் கற்றல் குறைபாடு இருக்கிறது, ஏ.டி.ஹெச்.டி. என்று தனியாக இல்லை. இதற்காக இரண்டு மாதம் அலைந்தேன். கடைசியில் பள்ளி கவுன்சலர்தான், "ஒரு மாணவியைத் துணைக்குச் சேர்த்துப் பார்ப்போமா?" என்றார். அதற்குச் சான்றிதழ் எதுவும் வேண்டாம். ஹெச்.எம். அனுமதியும் மாலையில் அரை மணி நேரமும் போதும்.

முதலில் வகுப்பில் முதல் ரேங்க் வாங்கும் பெண்ணைச் சேர்த்தார்கள். நல்ல பெண்தான். ஆனால் "முடிச்சியா, முடிச்சியா" என்று கேட்டுவிட்டு மிஸ்ஸிடம் போய்ச் சொல்லிவிடுவாள். மூன்றாவது வாரம் என் மகளுக்குக் காலையில் வயிற்றுவலி வர ஆரம்பித்தது. வீட்டில் ஏற்கெனவே நான் ஒருத்தி கேட்டுக்கொண்டிருக்கிறேன், அதே வேலைக்குப் பள்ளியிலும் ஒருத்தியா?

அப்புறம் பிளஸ் ஒன் படிக்கும் ஒரு பெண் வந்தாள். தானும் ரெக்கார்டு நோட்டைத் தொலைத்துத் திட்டு வாங்கியவள். முதல் நாளே மகளின் பையைத் தலைகீழாகக் கொட்டச் சொன்னாளாம். கசங்கிய சர்க்குலர்கள், டிபன் ஸ்பூன், கணக்குக்கே பாதியில் நின்ற மூன்று நோட்டுகள். "நானும் இப்படித்தான்டி" என்று சொல்லிவிட்டு இரண்டு நோட்டை எடுத்து ஓரமாக வைத்தாள். "கேள்வியை மட்டும் எழுது, பதில் அப்புறம்" என்றாள். பக்கத்தில் உட்கார்ந்து தன் பாடத்தைப் படித்தாள், அவ்வளவுதான். என் மகளுக்குப் பாடம் புரியாமல் இல்லை, தொடங்கத்தான் முடியவில்லை. பக்கத்தில் ஒருத்தி இருந்தால் பேனா நகர்ந்தது.

துணைக்கு வருகிறவளும் சிறுபிள்ளைதான். அவளுக்குப் பரீட்சை வந்தால் விடுமுறை விட வேண்டும். வாரம் ஒருமுறை கவுன்சலர் இருவரிடமும் தனித்தனியாகப் பேசினார், அது இல்லாமல் இதைத் தொடங்கவே வேண்டாம் என்பேன். மருத்துவர் சொன்ன சிகிச்சையும் ஒருபுறம் நடக்கிறது. இது அதற்கு மாற்று இல்லை.

ஒருநாள் கேட் அருகே அந்தப் பெண்ணை நிறுத்தி, "இன்னிக்கு எப்படிம்மா செஞ்சா?" என்று கேட்டேன். "அவகிட்டயே கேளுங்க ஆன்ட்டி" என்றாள். அதற்குப் பிறகு நான் அவளிடம் கேட்டதில்லை. ராத்திரி சாப்பிடும்போது சில நாள் மகளே சொல்வாள், சில நாள் சொல்லமாட்டாள்.