கிரியை எண்டால் செத்தவீடு எண்டு நினைச்ச நான்

பள்ளிக்கூடப் பழைய மாணவர் மலருக்கு ஏதாவது எழுதித் தாங்கோ அண்ணை எண்டு செயலாளர் தம்பி மூண்டு தரம் கோல் எடுத்திட்டார். பிக் மட்ச், ஹொஸ்டல் சோறு பற்றியெல்லாம் மற்றவை எழுதுவினம், நான் ஸ்க்ரிப்சர் எண்ட பைபிள் பாடத்தைப் பற்றி எழுதுறன்.

நான் சைவப் பெடியன், எங்கட வகுப்பிலை கனபேர் என்னைப்போல திருநீறோடை வந்துதான் வேதப்பாடம் படிச்சவை. ஒருநாள் பைபிளிலை யாக்கோபு நிருபம், அதாவது யாக்கோபு எழுதின கடிதம், ரெண்டாம் அதிகாரம். "கிரியைகளில்லாத விசுவாசமும் செத்ததாயிருக்கிறது" எண்ட இடம் வர மாஸ்டர் என்னைப் பாத்து கிரியை எண்டால் என்னடா எண்டார். எனக்குத் தெரிஞ்ச கிரியை ஒண்டுதான், ஐயர் வந்து சுண்ணம் இடிச்சுச் செய்யிறது. ஆள் செத்தாப்பிறகு செய்யிறது சேர் எண்டன், வகுப்பு முழுக்கக் கொல்லெண்டு சிரிச்சுது. அண்டையிலை இருந்து ரெண்டு வருசம் எனக்குப் பட்டம் "கிரியை".

மாஸ்டர் சிரிச்சு முடிச்சுப்போட்டு, இங்கை கிரியை எண்டால் மனுசன் செய்யிற செயல் எண்டு சொல்லி, போர்ட்டிலை நடுவிலை கோடு கீறி ஒரு பக்கம் ரோமர் 3:28, மற்றப் பக்கம் யாக்கோபு 2:24 எழுதினார். ரோமர் நிருபம் எழுதின பவுல், மனுசன் கடவுளுக்கு முன்னாலை விசுவாசத்தாலை நீதிமான் எண்டுறார், யாக்கோபு "விசுவாசத்தினாலேமாத்திரமல்ல" எண்டுறார், ரெண்டும் ஒரே புத்தகம். உடனை பின் வாங்கிலை இருந்த கத்தோலிக்கப் பெடியனும் புரட்டஸ்தாந்துப் பெடியனும் பிடிபடத் தொடங்கிட்டினம். புரட்டஸ்தாந்துப் பிரிவைத் தொடக்கின லூதர் 1522இலை ஜெர்மன் புதிய ஏற்பாடு போடேக்கை ரோமரிலை "மட்டும்" எண்ட சொல்லைத் தானாச் சேர்த்தவர், யாக்கோபுவை வைக்கோல் நிருபம் எண்டு சொல்லி, கடைசிப் பக்கமாத் தள்ளினவர் எண்டு மாஸ்டர் சொல்ல, கத்தோலிக்கப் பெடியனுக்குப் புளுகம் தாங்கேலை.

வேடிக்கை என்னெண்டால் பவுலும் யாக்கோபும் சாட்சிக்குக் கூப்பிடுறது பழைய ஏற்பாட்டிலை வாற ஒரே ஆபிரகாமைத்தான். பவுல் பிடிக்கிறது ஆதியாகமம் 15, பிள்ளை பிறக்கமுந்தியே கடவுளை நம்பின இடம். யாக்கோபு அதையும் சொல்லுறார், ஆனால் முதல் ஓடுறது 22க்கு, அந்தப் பிள்ளை வளந்து விறகு சுமக்க, தேப்பன் கத்தி தூக்கின இடம். விதைச்ச நாளை ஒருத்தர் சொல்லுறார், அரிவி வெட்டின நாளை மற்றவர் சொல்லுறார் எண்டார் மாஸ்டர். அதோடை பவுல் சொல்லுற கிரியை நியாயப்பிரமாணம் எண்ட யூதச் சட்டத்தின்ர கிரியை, விருத்தசேதனம் மாதிரி, யாக்கோபு சொல்லுறது பசிச்சவனுக்குச் சோறு.

எனக்கெண்டால் மாஸ்டர் கொஞ்சம் கூடத்தான் பூசி மெழுகிப்போட்டார் எண்டு இப்பவும் எண்ணம். "மாத்திரமல்ல" எண்டது நேர முகத்திலை அடிக்கிற சொல்லு, லூதருக்குக் கோவம் வந்ததிலை பிழையில்லை. 1999 ஒக்டோபர் 31 அவுக்ஸ்பேர்க்கிலை லூதரன் சபைக்காரரும் வத்திக்கானும் இதைப்பற்றிக் கூட்டுப் பிரகடனம் ஒண்டிலை கையெழுத்து வைச்சவை, லூதர் தொடங்கி 482 வருசம். எங்கட பின் வாங்கு ரெண்டு பேரும் இன்னும் வைக்கேல்லை, போன வருச ஒன்றுகூடலிலையும் கொத்துரொட்டித் தட்டோடை அதே சண்டைதான்.

அந்த அதிகாரத்திலை இன்னொரு வரி, உடுப்பில்லாதவனைப் பாத்து "குளிர்காய்ந்து பசியாறுங்கள்" எண்டு வாயாலை மட்டும் சொல்லி அனுப்பினால் பிரயோசனமென்ன எண்டு. யாழ்ப்பாண வெய்யிலிலை, ஃபானும் இல்லாத வகுப்பிலை, குளிர்காயிறதோ எண்டு விழுந்து விழுந்து சிரிச்சனாங்கள். கனடாவிலை ஸ்காபரோவுக்கு நான் வந்திறங்கினது ஜனவரியிலை, கூட்டுச் செருப்போடை. கீழ்வீட்டு வெள்ளைக்காரக் கிழவர் ஒண்டும் பேசாமல் மேலை ஏறிவந்து தன்ர பழைய கோட்டை கதவுப் பிடியிலை கொழுவிப்போட்டுப் போனார். கை நீளம் கூட, ரெண்டு மடிப்பு மடிச்சுத்தான் போட்டனான்.