வறுக்க ஆள் தேவை

1 ஜனவரி 2026, வியாழன்

இன்றிலிருந்து இலங்கையில் ஆகக் குறைந்த மாதச் சம்பளம் 30,000 ரூபாய். நாட்கூலி என்றால் 1,200. போன ஏப்ரலில்தான் 17,500 இல் இருந்து 27,000 ஆக ஏற்றியிருந்தார்கள். தெரிந்த முதலாளிமார் இரண்டு பேர் காலையிலேயே அழைத்து, இனித் தொழில் நடத்த ஏலாது என்று கவலைப்பட்டார்கள். எனக்கு அந்தப் பயம் இல்லை. யாழ்ப்பாணத்து இணுவிலில் என் கறித்தூள் மில்லில் நிற்கும் ஆறு பேரில் ஒருவரும் அதற்குக் குறைவாக வாங்கவில்லை. அந்தக் காசுக்கு இப்போது இங்கே ஆட்கள் வரவும் மாட்டார்கள்.

என் பயம் வேறு. மெஷினில் நிற்கிற தம்பி மாசியில் கட்டாருக்கு வெளிக்கிடுகிறான். பைக்கற் அடைக்கிற பிள்ளைக்குத் தையில் கல்யாணம். தூள் வறுக்கிற அக்காவுக்கு 58 வயது, முழங்கால் நோ. தாச்சிச் சட்டிக்கு முன்னால் ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்க முடியவில்லை என்று நேற்றுத்தான் வாய் திறந்து சொன்னார்.

2 ஜனவரி, வெள்ளி

விடுமுறைக்கு வந்த கனடாக்காரர் திரும்பிப் போகிற நேரம். ஒவ்வொருவருக்கும் ஐந்து கிலோ, பத்துக் கிலோ தூள் வேண்டும். இன்று முழுக்க அக்காவுக்குப் பக்கத்திலேயே நின்றேன். மல்லி, செத்தல் மிளகாய், மிளகு, பெருஞ்சீரகம், சின்னச்சீரகம், வெந்தயம் எல்லாவற்றையும் தனித்தனியாகத்தான் வறுக்கிறார். வெந்தயம் கொஞ்சம் கூடினால் முழுத்தூளும் கசக்கும். மல்லியை எப்போது இறக்குகிறீர்கள் என்று கேட்டேன். "வாசம் மாறேக்க" என்றார். எனக்கு மாறியது தெரியவில்லை. அவர் அகப்பையை நிறுத்தி, ஒரு மணியை நகத்தால் நசுக்கிக் காட்டினார். மொறுமொறு என்று உடைந்தது.

பதினொரு வருடமாக இந்த மில்லின் பெயரைக் காப்பாற்றுவது அந்த மூக்குத்தான். மெஷினைக் காசு கொடுத்து வாங்கலாம்.

7 ஜனவரி, புதன்

பேப்பர் விளம்பரத்துக்குப் பதினொரு அழைப்புகள். சம்பளத்தை முதலில் கேட்டவர்கள் மூன்று பேர்தான். மற்றவர்கள் கேட்டது: எத்தனை மணிக்கு விடுவீர்கள், கடைசி பஸ்ஸைப் பிடிக்கலாமா. ஒரு பட்டதாரிப் பிள்ளை, அரச நியமனம் வரும்வரைக்கும் என்றால் வரட்டுமா என்று நேர்மையாகவே கேட்டாள். ஒரு தாய், "மில்லில வேலை எண்டு சொன்னா மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பினம்?" என்றார். கோபம் வரவில்லை. அவருக்குச் சொல்ல என்னிடம் ஒரு பதவிப் பெயர்கூட இல்லையே.

அராலிப் பிள்ளை ஒருத்தி மட்டும், "இ.பி.எவ். கட்டுவீங்களா அண்ணை?" என்றாள். நாட்கூலிக்கு அந்தச் சேமலாப நிதி இல்லை என்றேன். சரி என்று வைத்துவிட்டாள். அவளுடைய அந்த "சரி" மனதை விட்டுப் போகவில்லை.

10 ஜனவரி, சனி

கோண்டாவிலில் அலுமினிய வேலை செய்யும் நண்பரோடு கதைத்தேன். 2022 இல் மட்டும் நாட்டை விட்டு வேலைக்குப் போனவர்கள் 3 இலட்சத்துக்கும் மேல். அவருடைய பட்டறையில் பழகிய நாலு பெடியன்களும் அந்தக் கணக்கில் இருக்கிறார்கள். இனி ஒருத்தனுக்கும் முழு வேலையையும் பழக்க மாட்டேன் என்கிறார். அவர் நொந்த மனிதர், புரிகிறது. ஆனால் பழக்காமல் விட்டால் பட்டறை அவருடைய வயதோடு முடிந்துவிடும்.

மாலையில் மெஷின் தம்பியிடம் சம்பளம் கூட்டித் தந்தால் நிற்பாயா என்று கேட்டேன். "அண்ணை, இன்னும் அஞ்சு வருசம் நிண்டா நான் இஞ்ச ஆர்?" என்றான். என்னிடம் பதில் இல்லை.

13 ஜனவரி, செவ்வாய்

தொழில் திணைக்களத்துக்குப் போனேன். நாட்கூலியோ தற்காலிகமோ, முதல் நாளில் இருந்தே ஊழியர் சேமலாப நிதி, அதுதான் இ.பி.எவ்., கட்ட வேண்டுமாம். தொழிலாளியிடம் 8 வீதம், என்னிடம் 12. ஊழியர் நம்பிக்கை நிதிக்கு என்னிடம் இன்னொரு 3. 30,000 சம்பளம் என்றால் என் பங்கு மாதம் 4,500 ரூபாய். பிந்திக் கட்டினால் மேலதிகக் கட்டணம் 50 வீதம் வரை ஏறும்.

ஆறு பேரில் இரண்டு பேருக்குத்தான் இதுவரை கட்டியிருக்கிறேன். அக்காவுக்கு ஒரு சதமும் இல்லை. பெண்கள் 50 வயதில் எடுக்கக்கூடிய காசு அது. அவர் 58 வயதிலும் வெறுங்கையோடு தாச்சிக்கு முன்னால் நிற்கிறார். ஆள் கிடைக்கவில்லை என்று இத்தனை நாள் ஊரைக் குறை சொன்னேன். இருக்கிற ஆளை நான் வைத்திருந்த முறை இது. படிவங்களை வாங்கிக்கொண்டு வந்தேன். நிலுவையைத் தவணையில் என்றாலும் கட்டி முடிப்பேன்.

இரவு அராலிப் பிள்ளைக்கு அழைத்தேன். காலை எட்டிலிருந்து நாலு வரை, சேமலாப நிதி உண்டு, அக்காவிடம் வறுவல் பழக வேண்டும் என்றேன்.

16 ஜனவரி, வெள்ளி

பொங்கலுக்கு இரண்டு நாள் பூட்டு. அக்கா வீட்டுக்குப் போய்ப் படிவத்தில் கையெழுத்து வாங்கினேன். கண்ணாடியைத் தேடி எடுத்து, ஒரு வரி விடாமல் வாசித்த பிறகுதான் வைத்தார்.

20 ஜனவரி, செவ்வாய்

அராலிப் பிள்ளை இரண்டு பஸ் மாறி எட்டுக்கு முதலே வந்துவிட்டாள். அக்காவுக்குக் கைபிடி வைத்த கதிரை ஒன்று வாங்கிப் போட்டிருக்கிறேன். சம்பளப் புத்தகத்தில் அவர் பெயருக்கு நேரே "வறுவல் மேற்பார்வையாளர்" என்று எழுதினேன்.

பிள்ளை முதல் தாச்சி மல்லியை அவசரப்பட்டு இறக்கினாள். அக்கா ஒரு மணியை வாயில் போட்டுக் கடித்து, "திரும்ப அடுப்பில வை பிள்ளை" என்றார். இரண்டாவது கருகிப்போய் மூன்று கிலோ வீண். மூன்றாவது தாச்சியில் பிள்ளை தானாகவே அகப்பையை நிறுத்தி, ஒரு மணியை எடுத்து நகத்தால் நசுக்கினாள். அக்கா கதிரையை விட்டு எழும்பவில்லை. "கொட்டு" என்று மட்டும் சொன்னார்.

மெஷினுக்கு இன்னும் ஆள் சரிவரவில்லை. தம்பி போகும் முன் நானே பழகிக்கொள்ள வேண்டும்.