கர்ப்பப்பை எடுத்த பிறகும் அடி இறங்குமா? இறங்கும்

கர்ப்பப்பையைத்தான் எடுத்தாயிற்றே, இனி இறங்க என்ன இருக்கிறது என்றுதான் எங்கள் வீட்டிலும் கேட்டார்கள். இருக்கிறது. கர்ப்பப்பையை அகற்றும்போது அதைத் தாங்கிக்கொண்டிருந்த தசைநார்களை வெட்டித்தான் ஆக வேண்டும், மிச்சமிருக்கும் பிறப்புறுப்புப் பாதையின் மேல்முனையைத் தைத்து மூடிவிடுவார்கள். அந்த முனைக்குப் பிடிமானம் தளர்ந்தால், பல வருஷம் கழித்துக்கூட, துணிப்பையின் உட்புறத்தை வெளியே இழுத்த மாதிரி அது கீழே வரும், கூடவே மூத்திரப்பையும் குடலும் சரியலாம். பெரம்பூரில் இருக்கும் என் சித்திக்கு இதுதான். உட்கார்ந்தால் ஏதோ தட்டுப்படுகிறது, சாயங்காலமானால் கனக்கிறது என்று ரொம்ப நாள் யாரிடமும் சொல்லாமல் குடத்தையும் தூக்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

அவரோடு மருத்துவமனைக்கு அலைந்ததில் எனக்குத் தெரிந்தது இது: "எந்த ஆபரேஷன் பெஸ்ட்?" என்று கேட்டால் சரியான பதிலே கிடைக்காது.

நீண்ட நாள் தாங்குவது எது என்று மட்டும் பார்த்தால் சாக்ரோகால்போபெக்ஸிதான் முன்னால் நிற்கிறது. வயிற்று வழியாகப் போய், ஒரு செயற்கை வலையின் ஒரு முனையைப் பிறப்புறுப்பின் மேற்பகுதியிலும் மறுமுனையை முதுகெலும்பின் அடியில் இருக்கும் திருவெலும்பின் முன்பக்கத்திலும் பொருத்தித் தூக்கி நிறுத்துகிறார்கள். இப்போது பெரும்பாலும் சின்னத் துளைகள் போட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பியில், வசதியுள்ள இடங்களில் ரோபோ வைத்தும் செய்கிறார்கள். ஆனால் முழு மயக்கம் வேண்டும், நேரம் அதிகம், குடலுக்கும் ரத்தக்குழாய்க்கும் பக்கத்தில் வேலை, வருஷங்கள் போனபின் வலை சதையை அரித்துக்கொண்டு வெளியே தெரியவும் வாய்ப்புண்டு.

இன்னொன்று வயிற்றில் கைவைக்காமல் கீழ்வழியாகவே செய்வது. மேல்முனையை இடுப்புக்குள் இருக்கும் கெட்டியான ஒரு தசைநாரோடு, அநேகமாக வலப்பக்கத்தில், தைத்துவிடுவார்கள். சாக்ரோஸ்பைனஸ் என்று சீட்டில் எழுதியிருப்பார்கள். வலை கிடையாது, முதுகில் ஊசி போட்டே முடிக்கலாம். சில வாரம் புட்டத்தில் வலி இருக்கலாம், பின்னால் முன்பக்கச் சுவர், அதாவது மூத்திரப்பை இருக்கும் பக்கம், இறங்கக்கூடும். கருப்பையைத் தாங்கிய பழைய நார்களிலேயே தைக்கிற முறையும் உண்டு, பலன் கிட்டத்தட்ட இதே அளவுதான்.

2024இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், கர்ப்பப்பை எடுத்தபின் இறக்கம் வந்த 376 பெண்களைக் குலுக்கல் முறையில் பிரித்து மூன்று வருஷம் பார்த்திருக்கிறார்கள். வயிற்று வழி வலையில் தோல்வி சுமார் 28 சதவீதம், கீழ்வழியாகவே வலை வைத்ததில் 29, வலையில்லாமல் சொந்தத் திசுவைத் தைத்ததில் 43. பயந்துவிடாதீர்கள், இதில் தோல்வி என்பது மறுபடி ஆபரேஷன் மட்டுமல்ல, பரிசோதனையில் பாதையின் வாயைத் தாண்டி இறங்கித் தெரிந்தாலும், ஏதோ தட்டுப்பட்டுத் தொந்தரவு தருகிறது என்று அந்தப் பெண்ணே சொன்னாலும் சேர்த்தி. மூன்று பிரிவிலுமே பெண்களின் அன்றாடத் தொந்தரவு நன்றாகக் குறைந்திருக்கிறது.

வலை என்றதும் யூடியூப் பார்த்துவிட்டு அலறுபவர்களுக்கு ஒரு விஷயம். 2019 ஏப்ரலில் அமெரிக்காவின் மருந்து, மருத்துவச் சாதனங்களைக் கண்காணிக்கும் எஃப்டிஏ விற்பனையை நிறுத்தச் சொன்னது, இறக்கத்துக்காகக் கீழ்வழியாக வைக்கும் வலையை. வயிற்று வழியாக வைப்பது அந்த உத்தரவில் வரவில்லை. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அப்புறம், பாதையையே தைத்து மூடிவிடுகிற கால்போக்ளைசிஸ். சின்ன ஆபரேஷன், சீக்கிரம் தேறலாம், திரும்ப இறங்குவது மிகக் குறைவு. ஆனால் அதற்குப்பின் தாம்பத்திய உறவு சாத்தியமில்லை. நாங்கள் போன ஒரு தனியார் மருத்துவமனையில் மருத்துவர் இதைச் சித்தியிடம் சொல்லவில்லை, பக்கத்தில் இருந்த மகனைப் பார்த்து, "அம்மாவுக்கு வயசாயிடுச்சு, மூடிடலாம், இனிமே என்ன" என்றார். அவனும் தரையைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினான், பாவம், அம்மாவைப் பற்றி அந்தப் பேச்சு சீக்கிரம் முடிந்தால் போதும் அவனுக்கு. சித்தி ஆட்டோவில் ஏறி அவன் முன்சீட்டில் உட்கார்ந்ததும் என் காதில், "ஏன், உங்க சித்தப்பா செத்தா போயிட்டாரு? என்னை ஒரு வார்த்தை கேட்டானா அந்த டாக்டர்?" என்றார்.

மூடுவது மோசமான முறை என்று நான் சொல்லவில்லை. எங்கள் தெருவில் எண்பதை நெருங்கும் ஒரு பாட்டி அதைத் தானே கேட்டுச் செய்துகொண்டு நிம்மதியாக இருக்கிறார். கேட்டது அவர், அதுதான் வித்தியாசம். இதயத்தில் கோளாறு, நீண்ட மயக்கம் தாங்காது என்றால் மருத்துவர் அதைப் பரிந்துரைப்பதும் நியாயமே. நோயாளியின் வயதை மட்டும் பார்த்து அவருடைய ஆசையை இன்னொருவர் முடிவு செய்வதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

வேறொரு பெண் மருத்துவர் எங்களையெல்லாம் வெளியே அனுப்பிவிட்டு சித்தியிடம் தனியாகப் பேசினார். இப்போதைக்கு, இறங்கியதைத் தாங்கிப் பிடிக்கப் பாதைக்குள் ஒரு சிலிகோன் வளையம் வைத்திருக்கிறார்கள், சில மாதத்துக்கு ஒரு தடவை போய்க் கழுவி மாற்றிக்கொள்ள வேண்டும், புண்ணாகாமல் இருக்க ஈஸ்ட்ரோஜன் கிரீம். இதையே வருஷக்கணக்கில் வைத்துக்கொண்டு ஆபரேஷனே வேண்டாம் என்றிருப்பவர்களும் உண்டாம். சித்திக்கு லேப்ராஸ்கோப்பி பக்கம்தான் மனசு. வளையம் போட்டபின் இருமினால் மூத்திரம் கசிகிறது என்கிறார், முன்பு இறங்கிய சதை மடங்கி வழியை அடைத்துக்கொண்டிருந்ததால் தெரியாமல் இருந்ததாம். அதற்கும் சேர்த்து அதே மேஜையில் ஏதாவது செய்வதா, தனியாகப் பார்த்துக்கொள்வதா என்று அடுத்த முறை போகும்போது கேட்க வேண்டும். இந்தத் தடவை கேட்கப்போவது சித்திதான்.