குழியும் குளியும்: என் ஆய்வேட்டில் திருத்தி எழுதிய இயல்

மொழியியல் முதுகலை இரண்டாம் ஆண்டில் நான் எழுதிய ஆய்வேடு, சாத்தூரிலும் அதைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் மக்களின் பேச்சில் ழகரமும் ளகரமும் எந்த அளவுக்கு ஒன்றாகிவிட்டன என்பதைப் பற்றியது. விருதுநகர் மாவட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதைப் பெரிதாக விளக்க வேண்டியதில்லை. எங்கள் பக்கத்தில் மழை என்பது மளை, கோழி என்பது கோளி, வாழைப்பழம் என்பது வாளப்பளம். தோண்டிய குழிக்கும் குளி என்ற வினைக்கும் காதில் வேறுபாடு கிடையாது. சென்னைப் பக்கத்துப் பேச்சில் இதே ழகரம் யகரத்தை நோக்கிப் போயிருக்கிறது. யாழ்ப்பாணத்தில் எங்களைப் போலவே ளகரமாகியிருக்கிறது.

இந்தத் தலைப்பை நான் தேர்ந்தெடுத்ததற்குச் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. எங்கள் ஊர்ப் பேச்சைச் சோம்பேறி நாக்கின் வேலை என்று சொல்லக் கேட்டே வளர்ந்திருக்கிறேன், அது உண்மையன்று என்பதைச் சான்றுகளோடு எழுத வேண்டும் என்று விரும்பினேன். கன்னடத்தைப் பாருங்கள்: அங்கே மழை ‘மளெ’, ஏழு ‘ஏளு’, கோழி ‘கோளி’. பழைய கன்னடக் கல்வெட்டுகளில் ழகரத்துக்குத் தனி எழுத்தே இருந்தது. பின்னர் ஒலியும் போயிற்று, எழுத்தும் போயிற்று. தெலுங்கில் அதே ஒலி பல சொற்களில் டகரமாகி, ஏழு ‘ஏடு’ என்றும் கோழி ‘கோடி’ என்றும் நிற்கின்றன. தெலுங்கை வீட்டுமொழியாகக் கொண்ட குடும்பங்கள் எங்கள் பகுதியில் பல உண்டு என்பதால், ஒரே தெருவில் ஒரு வீட்டில் கோளியும் அடுத்த வீட்டில் கோடியும் மேய்வதை நான் சிறுவயதிலிருந்தே கேட்டிருக்கிறேன். ஒரு மூல ஒலி பிரிந்துபோன பல வழிகளில் எங்கள் வழியும் ஒன்று என்பதே முதல் இயலில் நான் சொல்ல நினைத்தது.

தொல்காப்பியத்தின் பிறப்பியல் எனக்குப் பெரிய துணையாக இருந்தது. “நுனிநா அணரி அண்ணம் வருட ரகார ழகாரம் ஆயிரண்டும் பிறக்கும்” என்று அது ழகரத்தை ரகரத்தோடு சேர்த்துச் சொல்கிறதே ஒழிய, ளகரத்தோடு சேர்க்கவில்லை. லகர ளகரங்களுக்கோ நாவின் விளிம்பு வீங்க வேண்டும் என்று தனி நூற்பா வகுக்கிறது. இந்த வேறுபாட்டை ஒலியலை வரைபடத்திலும் காணலாம்: ழகரத்தை ஒலிக்கும்போது மூன்றாம் ஃபார்மன்ட் (ஒலியில் ஆற்றல் மிகுந்து நிற்கும் அதிர்வெண் பட்டைகளில் கீழிருந்து மூன்றாவது) வெகுவாகத் தாழ்ந்து இரண்டாவதை நெருங்குகிறது, ளகரத்தில் அந்த அளவுக்குத் தாழ்வதில்லை. ஆகவே யாருடைய பேச்சில் எது ழகரம், எது ளகரம் என்பதைக் காதை மட்டும் நம்பி முடிவு செய்யாமல் அளந்தே சொல்ல முடியும் என்ற உறுதி எனக்கு இருந்தது.

முதியவர், நடுவயதினர், இளையவர் என மூன்று வயதுப் பிரிவுகளில், பிரிவுக்கு நான்கு ஆண்களும் நான்கு பெண்களுமாக 24 பேரிடம் பதிவு செய்தேன். சொற்களை அட்டைகளில் எழுதி ஒவ்வொன்றாக வாசிக்கச் சொன்னேன். முதியவர்களில் பெரும்பாலோருக்கு எழுத்தறிவு இல்லாததால் அவர்களுக்கு மட்டும் படங்களைக் காட்டினேன். இதை அப்போது ஒரு சிறிய நடைமுறைச் சிக்கலாகவே எடுத்துக்கொண்டேன். ஆய்வு முறை இயலில் அதற்கு ஒரே ஒரு வரிதான் ஒதுக்கியிருந்தேன்.

முதலில் என் அப்பத்தாவைத்தான் பதிவு செய்தேன். குழியின் படத்தைக் கண்டதும் “குளி” என்றார். குளிப்பதற்கும் இதற்கும் ஒரே சொல்லா என்று நான் கேட்டபோது, “குளிக்கிறது குளிக்கிறது, குளி தோண்டுறது. இதுல என்னடி கொளப்பம்?” என்று திருப்பிக் கேட்டார். சொற்கள் ஒன்றுபோல் ஒலித்தாலும் பேசுகிறவர்களுக்கு இடமும் பொருளும் போதும் என்பதை நான் நான்கு பக்கங்களில் எழுதியதைவிட அந்தப் பதில் தெளிவாகச் சொல்கிறது. அதை அப்படியே ஆய்வேட்டில் சேர்த்தேன்.

ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் பால் பூர்ஸ்மாவும் டேவிட் வேனிங்கும் உருவாக்கிய பிராட் என்ற இலவச மென்பொருளில்தான் அளவிட்டேன். ஃபார்மன்ட்டுகளைத் தேடும் உச்ச வரம்பை, வழக்கமாகப் பெண் குரலுக்கு 5,500 ஹெர்ட்சாகவும் ஆண் குரலுக்கு 5,000 ஹெர்ட்சாகவும் வைப்பார்கள். நான் அதைக் கவனிக்காமல் எல்லாருக்கும் 5,500 என்றே விட்டிருந்ததால், ஆண்கள் பலரின் எண்கள் பிழையாக வந்தன. அவர்கள் அத்தனை பேருக்கும் மீண்டும் முதலிலிருந்து அளந்தேன். ஒலி தொடங்கும் இடத்தையும் முடியும் இடத்தையும் கையால் குறிக்கும் இந்த வேலை மாதக்கணக்கில் நீண்டது. இயல்களை எழுதியதும் சுருள் பைண்டிங் போட்டுக் கொடுத்ததும் அதனோடு ஒப்பிட்டால் சிறிய வேலைகளே.

முடிவு மிக அழகாக வந்தது. முதியவர்களிடம் ழகரமே இல்லை. நடுவயதினரிடம் ஓரளவு இருந்தது. இளையவர்களிடம் தெளிவாக இருந்தது. பள்ளிக் கல்வியால் ழகரம் எங்கள் வட்டாரத்துக்கு மீண்டு வருகிறது என்று நான்காம் இயலின் இறுதியில் எழுதினேன். அந்த வரியை எழுதிய இரவு எனக்கு உண்டான மகிழ்ச்சியை இன்னும் மறக்கவில்லை.

வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் முதல் மூன்று இயல்களைப் பற்றி அதிகம் கேட்கவில்லை. நான்காம் இயலின் அட்டவணையைத் திறந்து வைத்துக்கொண்டு, இவர்களில் யார் யார் அட்டையை வாசித்தார்கள், யார் யார் படத்தைப் பார்த்தார்கள் என்று கேட்டார். சொன்னேன். பிறகு மிக அமைதியாக, “உங்கள் ஊர்ப் பிள்ளைகள் மழை என்று எழுதிய அட்டையைப் பார்த்து மழை என்று வாசித்திருக்கிறார்கள். கையில் அட்டை இல்லாதபோது அவர்கள் என்ன சொல்கிறார்கள் அம்மா?” என்றார்.

அந்தக் கேள்வியின் முழுப் பொருள் எனக்கு உடனே விளங்கியது. நான் ஒப்பிட்டது முதியவர்களையும் இளையவர்களையும் அல்ல. படம் பார்த்துச் சொன்னவர்களையும் எழுத்தைப் பார்த்து வாசித்தவர்களையும். வயதால் வந்தது என்று நான் காட்டிய வேறுபாடு, நான் வைத்த சோதனையிலிருந்தே வந்திருக்கலாம். இதைக் கண்டுகொள்ளத் தேவையான அறிவும் என் ஆய்வேட்டிலேயே இருந்தது என்பதுதான் என்னை மிகவும் வருத்தியது. அமெரிக்க மொழியியலாளர் வில்லியம் லபோவ், நியூயார்க் மக்கள் பலர் பேச்சில் விட்டுவிட்ட ரகரத்தை ஆராய்ந்தபோது, இயல்பான பேச்சு, நேர்காணல் பேச்சு, பத்தி வாசிப்பு, சொற்பட்டியல் வாசிப்பு, ஓர் ஒலியில் மட்டும் வேறுபடும் இணைச்சொற்களின் வாசிப்பு என்று நடைகளைப் பிரித்து, கவனம் கூடக் கூட ரகரமும் கூடுவதைக் காட்டியதை இரண்டாம் இயலில் நானே இரண்டு பக்கங்களுக்கு எழுதியிருந்தேன். அவருடைய புகழ்பெற்ற மார்த்தாஸ் வின்யார்ட் தீவு ஆய்வே கொலம்பியா பல்கலைக்கழகத்தில் எழுதிய முதுகலை ஆய்வேடாகத் தொடங்கியது என்றுகூடப் பெருமையோடு குறிப்பிட்டிருந்தேன். முன்னாய்வுகளைத் தொகுக்கும் இயலை நம்மில் பலர் ஒரு சடங்காக எழுதிவிட்டு, நம் ஆய்வை அதற்குத் தொடர்பில்லாமல் நடத்துகிறோம். நானும் அதையே செய்திருந்தேன்.

அட்டைகள் முடிந்த பிறகும் பதிவுக்கருவியை நிறுத்தாமல் ஒவ்வொருவரோடும் அரைமணி நேரம் பேசியிருந்ததைச் சொன்னேன். குடும்பம், தொழில் பற்றிய விவரங்களுக்காக மட்டுமே அந்தப் பதிவுகளைப் பயன்படுத்தியிருந்தேன். புறத்தேர்வாளர், “அதை அளந்து, இந்த இயலைத் திருத்திக் கொண்டு வாருங்கள்” என்றார். என் நெறியாளரும் அதையே பரிந்துரைத்தார். திருத்தங்களுக்கு உட்பட்டுத் தேர்ச்சி, ஒரு மாதக் கால வரையறை.

இயல்பான பேச்சை அளப்பது பட்டியலை அளப்பதைப் போன்றதல்ல. வேண்டிய சொல் வேண்டிய இடத்தில் வராது. வந்தாலும் சத்தத்தில் மூழ்கியிருக்கும். ஆனால் எங்கள் நிலம் மானாவாரிக் கரிசல் என்பதால் யாரிடம் எதைப் பற்றிப் பேசினாலும் பேச்சு மழையில் வந்து நிற்கும். உழவு செய்கிறவருக்கும் மழை. தீப்பெட்டி வேலைக்கும் பட்டாசு வேலைக்கும் போகிறவருக்கும், காயப்போட முடியாமல் வேலை நின்றுபோவதால், மழை. அதோடு கிழமைகள், பழைய, எழுத, புழுதி ஆகிய சொற்களும் போதுமான அளவு கிடைத்தன.

அட்டையில் தெளிவான ழகரத்தை ஒலித்த இளையவர்களே, பேச்சில் மளை என்றும் வெள்ளிக்கிளமை என்றும்தான் சொல்லியிருந்தார்கள். வயது வேறுபாடு பெரும்பாலும் மறைந்துவிட்டது. இன்னொன்றும் வெளிப்பட்டது. அட்டை வாசிப்பில் சிலர் ‘அவர்கள்’ என்பதை ‘அவர்கழ்’ என்று வாசித்திருந்தார்கள். அவற்றை வாசிப்புப் பிழை என்று ஒதுக்கி வைத்திருந்தேன். பிழை என்று ஒதுக்கியவைதான் மிக முக்கியமான சான்றுகள். இரண்டு ஒலிகள் ஒன்றாகிவிட்ட பிறகு, எந்தச் சொல்லில் எது இருந்தது என்பதை நாக்கு அறியாது. எழுத்தைக் கற்றுத்தான் அறிய வேண்டும். ஒன்றான ஒலிகள் மொழியின் சொந்த வழியில் மீண்டும் பிரிவதில்லை என்று பிரெஞ்சு மொழியியலாளர் பால் கார்ட் சொன்னதைத்தான் அந்த ‘அவர்கழ்’ காட்டிக்கொண்டிருந்தது. நான்காம் இயலின் இறுதி வரியை அழித்துவிட்டு, இவ்வட்டாரத்தில் ழகரம் வாசிப்பு நடைக்கு உரிய ஒலியாக வாழ்கிறது என்று எழுதினேன். முதலில் எழுதியதைவிட அடக்கமான முடிவு. ஆனால் இதற்கு என்னிடம் சான்று இருக்கிறது.

பதிவுகளை எழுத்தாக்கும்போது என் குரலையும் கேட்க வேண்டியிருந்தது. ஒரு பெரியவரிடம், “மளை இல்லாட்டி என்ன செய்வீங்க?” என்று நான் கேட்டிருக்கிறேன். எல்லாப் பதிவுகளிலும் அப்படித்தான். ஆய்வு முறை இயலில் படங்களைப் பற்றிய அந்த ஒற்றை வரியை ஒன்றரைப் பக்கமாக விரித்து எழுதியபோது, கடைசியில் இதையும் சேர்த்தேன்: ஆய்வாளர் இவ்வட்டாரத்தைச் சேர்ந்தவர், உரையாடல்களில் அவருடைய ழகரமும் ளகரமாகவே ஒலித்துள்ளது.